இக்னிஷன் காயிலுக்கு 'பொறிச்சுருள்'னு வெச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம்,

பழைய கார்ல தேஞ்சுபோன காயில் மாத்துறது எப்படின்னு தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டு இருக்கேன், தலைப்புலயே நின்னுட்டேன். பெட்ரோல் எஞ்சின்ல பொறி வர்றதுக்கு வேண்டிய வோல்ட்டைக் குடுக்கற இக்னிஷன் காயிலுக்கு இங்க இதுவரைக்கும் வந்த சொல் மூணு: எரிபற்றுச்சுருள், தீமூட்டுச்சுருள், தூண்டுசுருள். மூணையும் எழுதிப் பாத்துட்டேன், மூணும் எனக்கு ஒட்டல.

முதல் ரெண்டையும் படிக்கிறவங்களுக்கு ஏதோ ஒரு கம்பி பழுக்கச் சூடாகி அது பெட்ரோலைப் பத்த வைக்குதுன்னுதான் தோணும். அப்படிச் சூடாகிற சாமான் டீசல் எஞ்சின்ல இருக்கற க்ளோ ப்ளக், காயில் கிடையாது. காயில்ங்கிறது ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர், உள்ள முதன்மைச்சுருள்ல தடிச்ச கம்பி சில நூறு சுத்து, துணைச்சுருள்ல தலைமுடி மாதிரி மெல்லிசு கம்பி பல ஆயிரம் சுத்து. பேட்டரியோட 12 வோல்ட்ட முதன்மைச்சுருள்ல ஓடவிட்டு டக்குனு நிறுத்துனா, அந்த நிறுத்துற நொடியிலதான் காந்தப்புலம் சரிஞ்சு துணைச்சுருள்ல 20,000 வோல்ட்டுக்கு மேல எகிறுது, ஸ்பார்க் ப்ளக் நுனியில பொறி தாவுது. 1910 வாக்குல சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்குச் செஞ்ச அமைப்புலயும் இதேதான், இன்னைக்கு ஒவ்வொரு ப்ளக் தலையிலயும் ஒண்ணு உக்காந்திருக்கே அதுலயும் இதேதான். தூண்டுசுருள் இயற்பியல்படி சரி, ஆனா பள்ளிக்கூடப் பாடத்துல இன்டக்ஷன் காயில் எல்லாத்துக்கும் அந்தப் பேர் போயிடுச்சு, காருக்குன்னு தனியா நிக்காது.

அதனாலதான் பொறிச்சுருள். பொறின்னா எந்திரம்னும் அர்த்தம் வருமே, எலிப்பொறியும் இருக்கேன்னு கேப்பீங்க, நியாயம்தான். ஆனா வெல்டிங் அடிக்கிற இடத்துல 'பொறி பறக்குது'ன்னு சொன்னா யாரும் எந்திரம் பறக்குதுன்னு நினைக்கிறதில்ல. ஸ்பார்க் ப்ளக்குக்குப் பொறிச்செருகின்னு ஏற்கனவே சிலர் எழுதறாங்க, பக்கத்துல வெச்சா ரெண்டும் ஒரே குடும்பம்னு தெரியும். முதல் தடவை மட்டும் தீப்பொறிச்சுருள்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாமப் போறது. முந்தின வரைவுல அதைப் 'பொறிதப்பல்'னு எழுதியிருந்தேன், கேக்க நல்லா இருந்துச்சு. அதைப் படிச்ச நண்பர் ஒருத்தர் தன் கார்ல பி0303ங்கிற பிழை எண் (மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர்) வந்ததும், பேர்லயே பொறின்னு இருக்கேன்னு நேரா புதுக் காயில் வாங்கி மாட்டிட்டாரு. வண்டி அப்பவும் மிஸ்ஸிங் அடிச்சுது, கடைசில பாத்தா பெட்ரோல் தெளிக்கற இன்ஜெக்டர்ல அடைப்பு. காரோட கம்ப்யூட்டர் பொறியப் பாக்கறதே இல்ல, எஞ்சினோட கிராங்க் தண்டு சுத்துற வேகம் எந்த சிலிண்டர் முறை வரும்போது தொய்யுதுன்னு மட்டும் பாத்து, மூணாவதுல சரியா எரியலன்னு சொல்லுது, அவ்ளோதான். காரணம் காயிலா, ப்ளக்கா, பெட்ரோலா, கம்ப்ரஷனான்னு நாமதான் கண்டுபிடிக்கணும். அதனால அந்தச் சொல்ல நானே வாபஸ் வாங்கிக்கறேன், 'எரிதப்பு'ன்னு வெச்சுக்கலாம். தாளம் தப்புது மாதிரி, எரியறது தப்புது. தப்பான சொல் ஒருத்தர தப்பான சாமான் வாங்க வைக்குதுன்னா அதுக்கு நாமதான் பொறுப்பு.

இன்னொண்ணு, காயிலைக் கழட்டும்போது ரப்பர் உறையில சில சமயம் முடி மாதிரி ஒரு கோடு நெளிஞ்சு ஓடும், தொடச்சாலும் போகாது. கரண்ட் ப்ளக் நுனிக்குப் போகாம பக்கவாட்டுல எஞ்சின் உடம்புக்குத் தாவின வழி அது. அதுக்குக் 'கரித்தடம்'னு போட்டிருக்கேன்.

சேத்து வெச்சா எப்படிப் படிக்குதுன்னு பாருங்க:

"எஞ்சின் ஆறினதும் மூணாவது பொறிச்சுருளைக் கழட்டி முதல் சிலிண்டருக்கு மாத்துங்க, முதல்ல இருந்தத மூணாவதுல போடுங்க. எரிதப்பும் கூடவே நகர்ந்து பி0301 வந்தா சுருள்தான் போயிருக்கு, அங்கயே நின்னா வேற எடத்துல தேடுங்க. உறை ஒட்டிக்கிட்டா மெல்லத் திருகி விட்டு நேரா மேல இழுங்க, உள்ள கரித்தடம் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. பொறிச்செருகியோட இடைவெளியையும் அளங்க, அது தேஞ்சு அகலமா இருந்தா பொறி தாவ வோல்ட் அதிகம் வேணும், புதுச் சுருளும் சீக்கிரம் மின்காப்பு உடைஞ்சு போயிடும்."

இந்த நாலு வரியையும் வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டு எங்க நாக்கு தட்டுதுன்னு எழுதுங்க. எரிதப்புக்கு இன்னும் நல்ல சொல் யாராச்சும் வெச்சிருந்தா அதையும் போடுங்க, கையேட்டுல அந்த இடத்த மட்டும் இன்னும் பென்சில்லதான் எழுதியிருக்கேன்.