கிடேரிக்குக் கோ-5 சைலேஜா, மக்காச்சோளமா?

பாகூர் பால்காரன்:
"வளரும் கிடேரிக்கு மக்காச்சோள சைலேஜ் தண்டச் செலவு, கோ-5 போதும்" என்று இங்கே ஒரு மகான் எழுதியிருக்கிறார். சைலேஜ் என்றால் பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்க வைப்பது. கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதை அறுத்த கையோடு குழியில் அமுக்கினால் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர்தான். வாட வைத்து 65, 70க்கு இறக்காவிட்டால் புளிப்பு ஏறாது, நாற்றம்தான் ஏறும். வாட வைத்தாரா இல்லையா, அதை முதலில் சொல்லட்டும்.

குறிஞ்சிப்பாடித் தொழுவம்:
அந்த மகான் நான்தான். போன வருடம் என்னிடம் நடுவதற்குக் கோ-5 தண்டுக் கரணை வாங்கிப் போனபோது "அண்ணே" என்றீர்களே. ஐப்பசி மழையில் எங்கே வாட வைப்பது, உங்கள் மொட்டை மாடியிலா? டன்னுக்கு இருபது கிலோ வெல்லம் கரைத்துத் தெளித்தேன், டிராக்டர் ஏற்றி மிதித்தேன், தார்ப்பாய் போட்டு மூடி 45 நாள் கழித்துத் திறந்தேன், பழ வாடை அடித்தது. மக்காச்சோளம் ஒரு அறுப்போடு சரி. கோ-5 முதல் அறுப்புக்கு 75 நாள், அப்புறம் 45 நாளுக்கு ஒன்று.

பாகூர் பால்காரன்:
அறுப்புக் கணக்கை யார் கேட்டது? கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் சாறு வழிந்ததா? மழை என்றால் வைக்கோலை நறுக்கிக் கலந்திருக்கலாம், அது தண்ணீரை இழுக்கும். கலந்தீர்களா? இல்லை. வாட வைத்தீர்களா? அதற்கும் பதில் இல்லை. மக்காச்சோளத்தை மணி மாவு கட்டும் பருவத்தில் அறுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது, வெல்லமும் வேண்டாம்.

வில்லியனூர் அக்கா:
மக்காச்சோளத்தில் புரதம் எட்டு சதவீதம் சுமார்தான் தம்பி. மல்லாட்டை (வேர்க்கடலை) புண்ணாக்கு சேர்க்காமல் அதை மட்டும் கொட்டினால் கிடேரி வளராது, கொழுக்கும். பருவத்துக்கு வருமுன் கொழுத்தால் மடியில் கொழுப்புப் படிந்து பின்னால் பால் குறையும். சரி, என் கன்றுக்கு மூன்று மாதம், சைலேஜ் காட்டலாமா?

நெல்லிக்குப்பம் கரும்பு:
இவ்வளவு சண்டை எதற்கு, கரும்புத் தோகை சும்மா கிடைக்கிறதே?

குறிஞ்சிப்பாடித் தொழுவம்:
தோகையில் ஆக்சலேட் இருக்கிறது, மாட்டின் கால்சியத்தைக் கட்டிப்போடும். தெரியாமல் நுழையாதீர்கள். அக்கா சொன்னதைப் பாகூர்க்காரர் படிக்கட்டும். என் ஆறு கிடேரியும் நாளுக்கு 600 கிராம் எடை ஏறுகின்றன.

பாகூர் பால்காரன்:
நேப்பியரிலும்தான் ஆக்சலேட் இருக்கிறது, அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். 600 கிராமைத் தராசில் பார்த்தீர்களா, நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்தீர்களா? டேப் என்றால் பிடிக்கிற கைக்கு ஏற்ப எடை ஏறும். அக்கா, என் மாடுகள் புண்ணாக்கும் தின்கின்றன, கவலை வேண்டாம். கரணை பற்றிச் சொல்லிக்காட்டினீர்களே, அதில் பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் கோ-5 தானா என்று சந்தேகம், இலை ஓரம் கையைக் கிழிக்கிறது.

குறிஞ்சிப்பாடித் தொழுவம்:
தண்ணீர் விடாமல் நட்டால் எந்தக் கரணை முளைக்கும்? மீதிப் பணத்தையே இன்னும் தரவில்லை, வந்துவிட்டார் குறை சொல்ல.

வில்லியனூர் அக்கா:
மூன்று மாதக் கன்று என்று கேட்டேனே?

பாகூர் பால்காரன்:
முளைக்காத கரணைக்கு என்ன பணம்? குழி திறந்த அன்று எடுத்த படம் இருந்தால் போடுங்கள். அடியில் கறுப்பாக இருக்கும், பந்தயம். வாட வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுத இவ்வளவு சுற்றா?