மீன் தொட்டித் தண்ணீரில் கீரை வளர்க்கும் அக்குவாபோனிக்ஸ்காரர்களே, சோதனைக் குழாய் உங்களை ஏமாற்றிய நாள் எது?

வெள்ளவத்தை மொட்டைமாடி:
சைக்கிளிங் தொடங்கிப் பதினெட்டாம் நாள், அதாவது மீன்கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாவை வளர்க்கத் தொடங்கி. 500 லீட்டர் தொட்டி, கருங்கல் சல்லிப் படுகை இரண்டு, திலாப்பியாக் குஞ்சுகள் பன்னிரண்டு. (மீனை விட்டபடியே சைக்கிளிங் செய்யலாமா என்று கேட்க வருகிறவர்கள் சற்றுப் பொறுங்கள், திட்டு வாங்கத்தான் எழுதுகிறேன்.) இரவு ஒன்பது மணிக்குப் படிக்கட்டு விளக்கின் கீழே அமோனியா பார்த்தேன். சுத்த மஞ்சள். கொப்பியில் பூச்சியம் என்று எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் மூன்று குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மற்றவை தண்ணீர் விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. முந்தைய இரவின் குழாய் கைப்பிடிச் சுவரில் அப்படியே நின்றது. வெயிலில் அது பச்சை. வெளிர்ப்பச்சைகூட இல்லை, முருங்கையிலைப் பச்சை. அந்தப் படிக்கட்டு விளக்கு மஞ்சள் விளக்கு. அதன் கீழே எதைப் பிடித்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும். கொப்பியில் அந்தப் பூச்சியம் இன்னும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை கங்குன்:
தம்பி, இரவு முழுவதும் நின்ற குழாயின் நிறம் கணக்கில் வராது. ஐந்து நிமிடத்தில் நிற அட்டையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும், பிறகு நிறம் ஏறிக்கொண்டே போகும். உங்கள் மீன் வேறு எதனாலோ செத்திருக்கலாம்.

என் கதை 2021. இரசாயன உரத்துக்குத் தடை வந்த வருடம். மீனில்லாமல் தொடங்க, அமோனியாவுக்காக ஒரு பிடி யூரியா தேடினேன், கிடைக்கவில்லை. சூடை மீன் தலைகளைப் பழைய காலுறைக்குள் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டேன். நான்காம் நாள் கீழ்வீட்டு மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். “தம்பி, மேலே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?” அவர் கேட்ட தொனியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அமோனியா அட்டையின் கடைசிக் கட்டம் 8 பிபிஎம் (பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கு); என் குழாய் அதைவிடக் கறுத்திருந்தது. அவ்வளவு அமோனியாவில் பற்றீரியாவே திணறும். பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றிய பிறகுதான் நைத்திரைற்றுக் குழாய் ஊதாவாகத் தொடங்கியது. மாமி இன்னும் என் கீரையை வாங்குவதில்லை.

வெள்ளவத்தை மொட்டைமாடி:
அண்ணா, காலையில் புதிதாக ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், எழுத மறந்துவிட்டேன். ஐந்தாவது நிமிடத்திலேயே அதே பச்சை.

தெஹிவளை சிப்பி:
நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு தாராளம். கொழும்புக் குழாய்த் தண்ணீரும் அப்படித்தான் என்று நினைத்தது என் பிழை. நான்காம் வாரம் அமோனியா 3 பிபிஎம்மில் ஆணியடித்தது போல நின்றுவிட்டது. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்த்தால் அட்டையின் அடி நிறம், 6. அதற்கும் கீழே எவ்வளவு என்று அட்டைக்கே தெரியாது. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் மேலே இருவரும் பிஎச்சைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். இங்கே இருப்பு குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பிஎச் 6ஐ நெருங்கினால் அவை வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். பிஎச்சை ஏற்ற உடனே சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள். சோதனை காட்டுவது இருவகை அமோனியாவின் கூட்டுத்தொகை. நம் 28 பாகை வெப்பத்தில், பிஎச் 7இல் அதில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8இல் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே 3 பிபிஎம், ஒரே இரவில் ஒன்பது மடங்கு நஞ்சு. நான் சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன், மெல்ல ஏறியது. அத்தோடு தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். பாசி இருந்தால் பின்னேரத்துப் பிஎச் காலைப் பிஎச்சைவிடக் கூடுதலாக இருக்கும். வெள்ளவத்தைத் தம்பி, அன்று உங்கள் பிஎச் என்ன? அதைச் சொல்லாமல் அமோனியாவை மட்டும் சொல்வது காய்ச்சல்காரருக்கு வயதை மட்டும் சொல்வது போல.

வத்தளை மாமா:
எல்லோரும் அமோனியாவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அது பூச்சியமான அன்று வீட்டில் பாயாசம் வைத்தார்கள். மூன்று நாள் கழித்து மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் கோப்பி நிறம். நைத்திரைற்று உள்ளே போனால் இரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. கறியுப்பு, லீட்டருக்கு ஒரு கிராம், கரைத்து ஊற்றினேன். மறுநாள் அவை கீழே இறங்கின. உப்பு போட்டால் செடி சாகும் என்று எழுத வராதீர்கள், கங்குனும் பசளியும் ஒன்றுமே ஆகாமல் நின்றன.

மருதானைப் புதியவள்:
எனக்கு ஆறு வாரம் நைத்திரேற்று பூச்சியம். அமோனியாவும் இல்லை, நைத்திரைற்றும் இல்லை. எல்லாம் எங்கே போகிறது என்று அழாத குறை. முதலிலிருந்து தொடங்கலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அப்பா நைத்திரேற்றுச் சோதனையின் இரண்டாம் போத்தலை எடுத்து, இருமல் மருந்தைக் குலுக்குவது போலக் குலுக்கினார். “அடியில் ஏதோ படிந்திருக்கிறதே, இதைக் குலுக்கவே இல்லையா?” முப்பது விநாடி குலுக்கச் சொல்லித் தாளில் இருந்ததாம். குழாய் செங்கட்டிச் சிவப்பானது.

வெள்ளவத்தை மொட்டைமாடி:
தெஹிவளை அண்ணா, அன்று பின்னேரப் பிஎச் 8.2. அதையும் அதே விளக்கின் கீழேதான் பார்த்தேன்.