நாம ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க நேர்ல எப்படி நடந்துக்கிட்டாங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். அரசு ஆபீஸ்ல கவுண்டர்ல வேலை பாக்குறவ நான். முன்னாடி இருந்த உறுப்பினர் போன் பண்ணா "நம்ம பையன் மனு ஒண்ணு வந்திருக்கும், கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா"ன்னுதான் சொல்லுவாரு. மிரட்டல் கிடையாது, குரல் கூட உசராது. ஆனா அந்த போன் வந்ததும் அதிகாரி அந்த ஃபைல எடுத்து எல்லாத்துக்கும் மேல வச்சிடுவாரு, உதவித்தொகைக்காக காலையில இருந்து உட்கார்ந்திருக்கிற வயசான அம்மாவோட மனு அடியில போயிடும். அடுத்து வந்தவர் கிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு, "மனுதாரர் எனக்கு மைத்துனர், அதனால இதுல நான் எந்த சிபாரிசும் செய்யல, விதிப்படி முடிவு எடுங்க"ன்னு. அந்த லெட்டர ஃபைல்லயே சேர்த்து வச்சோம், மனு அதோட வரிசைப்படி போச்சு. சொந்தம்னா சொந்தம்னு எழுத்துல சொல்லிடணும், அவ்ளோதான் நான் எதிர்பாக்குறது.

* * *

நான் ஒரு உறுப்பினர் கிட்ட உதவியாளரா இருந்தவன். பரிசுப் பொருளுக்குன்னே அவர் ஒரு நோட்டு போட்டிருந்தாரு. யார் அனுப்பினது, என்ன பொருள், எப்ப திருப்பிக் குடுத்தோம், வாங்கிக்கிட்டவங்க கையெழுத்து, எல்லாம் அதுல இருக்கும். ஒரு கான்ட்ராக்டர் வாட்ச் அனுப்பி, திருப்பிக் குடுக்கப் போனா கையெழுத்து போட மாட்டேன்னு அடம்பிடிச்சாரு, கையெழுத்து இல்லாம வராதேன்னு இவர் என்னை மறுபடியும் அனுப்பினாரு. காசு விஷயத்துல அப்படி ஒரு சுத்தம். ஆனா அதே மனுஷன் டிரைவர எல்லார் முன்னாடியும் வாடா போடான்னு கேவலமா திட்டுவாரு, அவரும் தலை குனிஞ்சு நிப்பாரு, வேற வழி? கை சுத்தமா இருந்தா வாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லன்னு நிறைய பேர் சொல்றாங்க, கூடவே இருந்து பாத்ததால என்னால அத ஏத்துக்க முடியல.

* * *

சொந்த வாழ்க்கைய நோண்டாதீங்கன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. வீட்டுக்குள்ள நடக்குறது அவங்க பாடு, சரி. ஆனா 1963ல பிரிட்டன்ல போர் அமைச்சரா இருந்த புரொஃபியூமோ, ஒரு பொண்ணோட இருந்த தொடர்பு வெளிய வந்து பதவி விலகினப்போ, அந்த உறவ விட பெரிய பிரச்சனையா நின்னது, அத பத்தி பார்லிமென்ட்ல எழுந்து நின்னு பொய் சொன்னது. ஸ்வீடன்ல 1995ல மோனா சாலின் துணைப் பிரதமர், அடுத்த பிரதமரே அவங்கதான்னு எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, அரசாங்க கார்டுல சொந்த செலவு பண்ணது வெளிய வந்துச்சு, அதுல சாக்லேட்டும் உண்டு, பணத்த திருப்பிக் கட்டியும் போட்டியிலேர்ந்து விலக வேண்டியதாச்சு. சின்ன தொகைதானேன்னு அங்க விடல. இந்தியாவுலயும் முன்னுதாரணம் இல்லாம இல்ல, 1951லயே முட்கல்ங்கிற உறுப்பினர் பணம் வாங்கிட்டு ஒரு வியாபாரச் சங்கத்துக்காக பார்லிமென்ட்ல வேலை பாத்தாருன்னு அவர நீக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்தது பிரதமர் நேருவேதான், இத்தனைக்கும் அவர் நேருவோட கட்சிக்காரர். 2005 டிசம்பர்ல கேள்வி கேக்க பணம் வாங்கினதுக்காக 11 பேர வெளிய அனுப்பினாங்க. அதெல்லாம் நடந்த ஊர்லதான் இன்னைக்கு "நம்மாளு"ங்கிற ஒரே காரணத்துக்காக முட்டுக் குடுக்குறோம், அதுதான் எனக்கு ஆத்திரமா வருது.

* * *

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டுதான் எழுதுறேன். தெரு விளக்கு பிரச்சனைக்காக எங்க உறுப்பினர் கிட்ட மனு குடுக்க போயிருந்தேன். மனுவ வாங்கி மேசையில போட்டுட்டு, கல்யாணம் ஆயிடுச்சா, தனியாவா வந்தேன்னு கேட்டாரு, கூட இருந்தவங்க சிரிச்சாங்க. போன் நம்பர் மனுவுல இருக்குமே, அன்னைக்கு ராத்திரியே மெசேஜ் வந்துச்சு. யார் கிட்ட புகார் குடுக்கறது? விசாரிச்சா, அவங்க சபையிலேயே ஒரு கமிட்டி இருக்கு, அதுல இருக்கறதும் சக உறுப்பினர்கள்தான்னு சொன்னாங்க. பிரிட்டன்ல 2018ல இதுக்குன்னு தனி புகார் முறை வந்து, 2020லேர்ந்து உறுப்பினர் அல்லாதவங்க இருக்கிற தனிக் குழுதான் அந்த மாதிரி கேஸ்ல தண்டனைய முடிவு பண்ணுது. அதுவாவது வேணும்ங்க. இப்பல்லாம் மனுவுல என் நம்பர எழுதறதே இல்ல, அண்ணன் நம்பர்தான்.

* * *

மேல எழுதின சகோதரிக்கு: அந்த மெசேஜ அழிச்சிடாதீங்கம்மா, தேதி நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, மனு குடுத்ததுக்கான ரசீது இருந்தா அதையும். எங்க ஆபீஸ்ல மனுவோட நகல் குடுக்கும்போது இப்ப போன் நம்பர மறைச்சுட்டுதான் குடுக்கறோம், ஒரு பொண்ணு வந்து அழுததுக்கு அப்புறம் நாங்களே கேட்டு வாங்கின உத்தரவு அது. உங்க ஊர் ஆபீஸ்லயும் எழுதிக் கேளுங்க.