மோட்டார் ரூமில் கிடந்த 1974 புல்லட்: எங்கிருந்து தொடங்குவது?

கோபிக்காரன்:
வணக்கம். மாமனாரின் 1974 மாடல் புல்லட் 350, தோட்டத்து மோட்டார் ரூமில் உர மூட்டைகளுக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்றது. இப்போதுதான் எங்கள் வீட்டு கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். கிக்கர் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. டேங்குக்குள் டார்ச் அடித்தால் செக்கச்செவேல் என்று துரு. ஒயரிங்கை எலி தின்றுவிட்டது. மாமனார் இப்போது இல்லை, ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பின்பக்க சேஸிஸை வெட்டி, ஒற்றை ஸ்பிரிங் சீட், தாழ்ந்த ஹேண்டில்பார் போட்டு பாபர் ஆக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: "டேங்க்ல அந்தத் தங்கக் கோட்டுல கை வெக்காதீங்க மாப்பிள்ளை. அது போனா அவரு வண்டி இல்ல." பம்ப்செட் மோட்டார் கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு, அதனால் நானேதான் ஸ்பேனர் பிடிக்கப் போகிறேன். முதலில் பெயின்டா, இன்ஜினா? 6 வோல்ட்டை 12 ஆக மாற்றலாமா?

புதுப்பேட்டை ரவுண்டு:
வெட்டுங்க பாஸ்! ஸ்டாக் புல்லட் தெருவுக்கு நாலு நிற்குது. சீட்டு, ஹேண்டில் எல்லாம் இங்கே வந்தால் பேரம் பேசி வாங்கலாம்.

லேத் பட்டறை, கோவை:
தம்பி, கிரைண்டரைக் கொஞ்ச நாள் பீரோவில் பூட்டி வையுங்கள். பெயின்ட் பேச்சும் இப்போது வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் இன்ஜினை இறக்கி ஏற்றினால் முதல் கீறல் உங்கள் கையால்தான் விழும்.

கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். உள்ளே பல் உடையும், கேஸே விரிசல் விடவும் செய்யும். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து உள்ளே ஊற்றி ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். அதற்கு முன் அடியில் உள்ள டிரெயின் பிளக்குகளைக் கழற்றிப் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கில் இருப்பது மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேர்ந்திருக்கும்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. அந்தக் காலத்து புல்லட்டில் பல இடங்களில் பழைய இங்கிலீஷ் மரைதான். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று எம்.எம். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அந்த இங்கிலீஷ் அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்க டைமிங் கவரைத் திறந்தால் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட் இருக்கும். அது இடது மரை, கழற்றுவதும் எதிர்ப்பக்கம்தான். இது தெரியாமல் பலம் காட்டி, உடைந்த துண்டோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிஸ்டன் விட்டதும் ஹெட்டையும் பேரலையும் கழற்றுங்கள். பேரலின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்துச் சுற்றி இழுங்கள். படி மாதிரி தட்டினால் தேய்மானம், ரீபோர் வேண்டும், அதாவது பேரலின் உள்வட்டத்தைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். ஸ்டாண்டர்டு போர் (உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி வாருங்கள். அதைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் நான் போர் அடிப்பேன். டப்பாவில் அச்சடித்த அளவை நம்புவதில்லை. அடுத்து, கனெக்டிங் ராடைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது சரி. நேர் மேலே இழுத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது.

டேங்குக்குப் பழைய சைக்கிள் செயின் துண்டும் வினிகரும் போட்டு, வாயை அடைத்து, நன்றாகக் குலுக்கி ஊற வையுங்கள். பெயின்ட் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. கழுவியதும் உடனே காய வைத்து ஆயில் காட்டாவிட்டால் மறுநாளே துரு வரும். வெளியே பாலிஷ் மட்டும் போதும். உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி: அந்தக் கோடு திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் கையால் இழுத்தது, ஸ்டிக்கர் இல்லை.

12 வோல்ட் தாராளமாகப் போடலாம். ஆல்டர்னேட்டர் காயில், ரோட்டர், ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், பல்பு, ஹாரன், பேட்டரி எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். ஆம்பியர் மீட்டரை மட்டும் தூக்கிவிடாதீர்கள். கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் நடுவுக்கு வருகிற இடத்தில்தான் பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்ட் திறக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தாண்ட வைத்து, லீவரை விட்டு, ஒரே உதை. முள் இல்லாத வண்டிக்காரன் காலை உடைத்துக்கொள்வான்.

பழைய ஆர்.சி.:
சேஸிஸை வெட்டும் முன் இதைப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மாமனார் இல்லை என்பதால் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயரை முதலில் மாற்றுங்கள்.

இன்னொன்று. 50 வருஷத்தைத் தாண்டிய, அசல் உருவில் உள்ள வண்டிகளை வின்டேஜ் என்று பதிய 2021இல் விதி வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியை தினமும் ஓட்ட முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல், மராமத்து, இப்படித்தான் ரோட்டில் இறக்கலாம். சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்டுவதென்றால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிப்பதே மேல்.

கோபிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பின் சக்கரத்தை ஆட்டியதில் 'க்ரக்' என்று பிஸ்டன் விட்டது. பேரலில் நகம் தட்டுகிறது. ராடை மேலே இழுத்தால் 'டக்' என்கிறது. சேஸிஸை வெட்டப் போவதில்லை. ஸ்பிரிங் சீட்டை இருக்கிற போல்ட் ஓட்டையிலேயே மாட்ட ஒரு பிராக்கெட் அடிக்க முடியுமா? கழற்றிய பழைய சீட்டை மாமியார் துடைத்து உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

லேத் பட்டறை, கோவை:
அடிக்கலாம். சேஸிஸில் வெல்டிங் வைக்காமல் 6 எம்.எம். பட்டையில் செய்து தருகிறேன். மட்கார்டைக் குட்டையாக்க ஆசை இருந்தால் டூப்ளிகேட் ஒன்று வாங்கி அதை வெட்டுங்கள்.

'டக்' என்றால் பிக் எண்ட், அதாவது ராடு கிராங்கில் மாட்டும் அடி முனை, போய்விட்டது. கிராங்கை முழுதாக இறக்கிக் கொண்டு வாருங்கள். ஃப்ளைவீலைப் பிரித்து, புது பின்னும் புஷ்ஷும் போட்டு, கிராங்க் கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் வைத்துப் பார்த்துத் தர வேண்டும்; இது வீட்டில் சுத்தியல் வைத்துச் செய்கிற வேலை இல்லை. ரோலர் பேரிங் ராடு போடச் சொல்லிப் பலர் வருவார்கள். அந்தக் காலத்து மிதக்கும் புஷ்ஷே, ஆயிலை ஒழுங்காக மாற்றினால், உங்கள் ஓட்டத்துக்குப் போதும் என்பது என் கட்சி.

திரும்ப மாட்டியதும் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆன உடனே ஹெட்டில் வால்வைத் தட்டும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிய வேண்டும். வராவிட்டால் அந்த நொடியே ஆஃப் பண்ணிவிட்டுப் பம்பைக் கழற்றுங்கள். டேப்பட் இடைவெளியை இன்ஜின் சில்லென்று இருக்கும்போது வையுங்கள்: புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

கிராங்க், பேரல், பிஸ்டன் மூன்றையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். ஞாயிறு பட்டறை லீவு.