மாஸ்க் போட்டு மட்டுமே பார்த்த ஒருவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

கேள்வி: ராயபுரத்துக்காரி

2020 ஜூன். எனக்கும் அம்மாவுக்கும் கொரோனா பாசிட்டிவ். வாசலில் மாநகராட்சி ஸ்டிக்கர், குறுக்கே தகரம். 19ஆம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. எதிர்வீட்டு ஜன்னலைக்கூடச் சாத்தியே வைத்திருந்தார்கள் (குறை சொல்லவில்லை, கைக்குழந்தை உள்ள வீடு).

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குச் சாமான் வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களைப் போட்டிருந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு தம்பி வருவார். பால், மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொடி, எல்லாம் தகரத்துக்கு மேலே கை மாறும். அம்மாவுக்கு ருசியே போய்விட்டது. "சோறு மண்ணு மாதிரி இருக்குடி" என்று தட்டைத் தள்ளுவாள். வெற்றிலையாவது வேண்டும் என்றாள். கடை ஏது?

மறுநாள் அந்தத் தம்பி ஈரத்துணியில் சுற்றி ஆறு வெற்றிலை, கொஞ்சம் பாக்கு, தைல டப்பாவில் சுண்ணாம்பு எல்லாம் கொண்டுவந்தார். "எங்க ஆயாவோட வெத்தலைப் பொட்டியிலேருந்துக்கா. அவங்களே எடுத்துக் குடுத்தாங்க." காசு வாங்கவில்லை. அம்மா மென்றுவிட்டு, "சுண்ணாம்பு சுடுதுடி!" என்றாள். நாக்கு வெந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை.

அவருடைய பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் ஒருவர், புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. முழு முகத்தோடு பார்த்ததும் வேறு யாரோ போலிருந்தார். போய்க் கேட்கலாமா?

வார்டு நர்ஸ்

பேச்சுக் கொடுங்கள் அக்கா. பிபிஇ கிட் போட்டால் எங்களையே எங்களுக்குத் தெரியாது. நெஞ்சில் மார்க்கரால் பேர் எழுதிக்கொள்வோம். 2021 மே மாதம் என் வார்டில் இருந்த ஒரு பெரியவர், அப்புறம் ஓபிக்கு வந்தபோது குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். "திட்டித் திட்டிக் கஞ்சி குடிக்க வச்ச பொண்ணுதானே நீ?"

கடுகடுப்பு

நல்லதை மட்டும் நினைத்து உருக எனக்கு வராது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்ததும் இதே சென்னைதான். கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டரே மண்வெட்டியால் குழியை மூட வேண்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தம்பியை விடாதீர்கள். கேளுங்கள்.

சும்மா ஒரு யோசனை

கையால் மூக்கையும் வாயையும் மூடிக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

ராயபுரத்துக்காரி

கேட்டுவிட்டேன், மூடியும் காட்டினார்! அவர் இல்லை. ஊரடங்கில் அவர் சென்னையிலேயே இல்லையாம். பைக்கிலேயே திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த கதையை ஆரம்பித்தார். செஞ்சி தாண்டுவதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை அடுத்த மாதம் சர்க்கரை வாங்கப் போகும்போது கேட்க வேண்டும்.