புதுப்பிப்பு: அட்டவணை போய்ப் புளியங்கொட்டை வந்தது

கொரோனாவால் பள்ளி மூடிக் கிடக்க, வீட்டில் பாடத்துக்காகக் கல்வித் தொலைக்காட்சியைப் போட்டாலே ஒன்றாம் வகுப்பு மகள் எழுந்து ஓடுகிறாள் என்று 2021 ஜூலையில் இங்கே புலம்பியிருந்தேன். நேர அட்டவணை போடச் சொன்னீர்கள். போட்டேன், மூன்றாம் நாளே அதைக் கிழித்துக் கப்பல் விட்டாள்.

கைகொடுத்தது புளியங்கொட்டைதான். தரையில் பத்துப் பத்தாகக் குவித்துக் கேட்டால், விரல்விட்டு எண்ணாமலே கழித்துச் சொல்கிறாள். எழுத்துக்குச் சமையலறை டப்பாக்கள்: உளுந்து, மிளகு, கடலை என்று அவளே சீட்டு எழுதி ஒட்டினாள். ‘மிலகு’ என்றிருந்ததை நான் திருத்தவில்லை (அவள் பாட்டிக்குத்தான் கை பரபரத்தது). நான்கு நாள் கழித்துத் தானாகவே கிழித்துவிட்டுச் சரியாக எழுதினாள்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்துவிட்டது. வகுப்பறையை அவள் பார்ப்பதே முதல்முறை. பென்சிலை மட்டும் இன்னும் கரண்டிபோல்தான் பிடிக்கிறாள். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.