சீட்டைக் கழட்டினா பிளேன் லேசாகும்ல?

குழு: சிவகாமி பாட்டி வீடு

மீனா: சனிக்கிழமை அம்மாவுக்குக் கண் செக்கப். காலைல 9 மணி. யார் கூட்டிட்டுப் போறீங்கன்னு இப்பவே சொல்லுங்க. கடைசி நேரத்துல என் தலையில கட்டாதீங்க.

சேகர்: ஃபார்வர்டு செய்யப்பட்டது
"பைலட் தேவை. ரெட்டை எஞ்சின் சிறிய விமானம், மத்திய அமெரிக்கா. ஒரே ஒரு டெலிவரி ட்ரிப். 300 மணி நேரம் பறந்திருந்தால் போதும். சீட் கழட்டி ரெடி. சரக்கு அங்கே ஏற்றப்படும். பிளான், பேப்பர் எல்லாம் எங்கள் பொறுப்பு. பணம் கையில்."

சேகர்: அருண் மாப்ள, பாரு. லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷமாச்சு. நண்பரோட நண்பர் அனுப்பினது.

அருண்: பாத்தேன் மாமா. கேட்டுப் பாக்கலாமா?

ஜெயா: எங்க இருக்கு அது

கவிதா: வேண்டாம்

கவிதா: அந்த அஞ்சாறு வரியில ஒரு வரி கூட சரியில்ல

பிரியா: போன தடவை சீட்டுக் கம்பெனி. இந்தத் தடவை சீட்டே இல்லாத பிளேன். அப்பா 🙏

சேகர்: நல்லதுக்குச் சொன்னா இப்படித்தான்

நடராஜன்: அனைவருக்கும் வணக்கம். மாப்பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் இது போதைச் சரக்கு ஓட்ட ஆள் பிடிக்கிற வேலை மாதிரி இருக்கிறது. போலீஸ், ஜெயில் எல்லாம் அப்புறம். அதற்கு முன்னால் இந்த விமானங்கள் தானாகவே விழுந்துவிடுகின்றன. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

பிரியா: கொஞ்சம்

நடராஜன்: முதலில் எடை. ஒற்றை எஞ்சின் செஸ்னா 206-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டேக்ஆஃபில் அதிகபட்சம் 3600 பவுண்டு, அதாவது 1633 கிலோ. காலி விமானம் ஏறக்குறைய 1000 கிலோ. மிச்சம் 630. டேங்க் நிறைய பெட்ரோல் 330 லிட்டர் என்றால், லிட்டருக்கு 0.72 கிலோ கணக்கில் 240 கிலோ போய்விடும். பைலட் 80. சரக்குக்குக் கிடைப்பது 300 கிலோ சொச்சம். பெரு நாட்டுக் காட்டிலிருந்து பொலிவியாவுக்குப் போகிற கடத்தல் விமானங்களில் ஒரு நடைக்கு 300 கிலோ அளவில் ஏற்றுவது இந்தக் கணக்கால்தான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், தூரம் போதாது என்று கூடுதலாக 200 லிட்டர் பெட்ரோலையும் உள்ளே வைப்பார்கள். அது 144 கிலோ. ஒரேயடியாக 9 சதவீதம் தாண்டியாயிற்று.

சேகர்: சீட்டைக் கழட்டினா பிளேன் லேசாகும்ல மச்சான்?

கவிதா: லேசாகும் மாமா. அந்த இடத்துல அதைவிடப் பல மடங்கு வந்து உக்காரும். சீட் கழட்டறது தப்பே இல்ல, சரக்கு ஏத்தற விமானத்துல கழட்டத்தான் செய்வாங்க. ஆனா கழட்டினதும் காலி எடையும் ஈர்ப்பு மையமும் மாறும். எடைத் தாளைத் திருத்திக் கையெழுத்துப் போடணும். இவங்ககிட்ட அந்தத் தாளே இருக்காது.

அருண்: 9 பர்சன்ட்தானே பெரியப்பா. ஃபெர்ரி ஃப்ளைட்ல, அதான் விமானத்தை டெலிவரிக்கு ஓட்டிட்டுப் போறதுல கூட ஓவர்வெயிட்ல போறாங்களே?

நடராஜன்: போகிறார்கள். தனி அனுமதி வாங்கிக்கொண்டு. அமெரிக்க விதியில் அந்தக் கூடுதல் எடை எரிபொருள், அதற்கான டேங்க், வழிகாட்டும் கருவி இவையாக மட்டும்தான் இருக்கலாம். சரக்கு ஒரு கிலோகூடக் கூடாது. நீண்ட, கெட்டியான ஓடுபாதையிலிருந்து கிளம்புவார்கள். 9 சதவீதம் சின்னது என்று நினைக்காதே. பிரிட்டிஷ் விமானத்துறை சின்ன விமானக்காரர்களுக்குக் கொடுக்கிற பெருக்கல் கணக்கு இது, நீ படித்ததுதான். கிளம்ப 600 மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்.
எடை 10 சதவீதம் கூடினால் 1.2 மடங்கு: 720.
காய்ந்த புல்தரை 1.2: 864.
தரை இளகியிருந்தால் குறைந்தது 1.25: 1080.
வெயில் 10 டிகிரி கூட, 1.1: 1188.
கடல் மட்டத்திலிருந்து 1000 அடி உயரம், 1.1: 1307 மீட்டர்.
காட்டை வெட்டிப் போட்ட பாதை 800 மீட்டர்தான் என்றால், மிச்ச 500 மீட்டர் மரத்துக்குள்.

பிரியா: ஐயோ

ஜெயா: அருண் படிச்சியா

அருண்: படிச்சேம்மா

கவிதா: அப்பா சொன்னது புல் காஞ்சிருந்தா. ஈரம்னா 1.3

கவிதா: இதுக்கு உதாரணம் வேணும்னா 2020 ஜூலை 26. பப்புவா நியூ கினி, போர்ட் மோர்ஸ்பி பக்கம் பாப்பா லியா லியா. செஸ்னா 402. ஆஸ்திரேலியாவில மரீபாவிலேர்ந்து தாழப் பறந்து வந்து, சரக்கோட திரும்பக் கிளம்பும்போது விழுந்துச்சு. போலீஸ் போனப்ப காலி விமானம்தான் கிடந்துச்சு. அப்புறம் 500 கிலோவுக்கு மேல கொக்கைன் பிடிச்சாங்க. எடையாலதான் எழும்பலையோங்கறதை மறுக்க முடியாதுன்னும், பேராசைதான்னும் ஆஸ்திரேலிய போலீஸே சொன்னாங்க.

சேகர்: பைலட்?

கவிதா: உயிரோட இருந்தார். அவரே போய் சரணடைஞ்சார்.

மீனா: எல்லாம் சரி. சனிக்கிழமை?

பிரியா: அம்மா எனக்கு எக்ஸாம்

மீனா: உனக்கு எப்பவும் எக்ஸாம்தான்

நடராஜன்: அடுத்தது, எடை எங்கே உட்காருகிறது என்பது. மொத்த எடை சரியாக இருந்தாலும் மூட்டைகள் பின்னால் சரிந்தால் முடிந்தது. மூக்கைத் தூக்கும் நொடியில் கட்டாத மூட்டை வாலை நோக்கி வழுக்கும். மூக்கு இன்னும் தூக்கும். பைலட் கண்ட்ரோலை முழுதாக முன்னால் தள்ளுவார், கேட்காது. சிறகு பிடியை இழந்துவிடும், அதாவது ஸ்டால். 50 அடி உயரத்தில் ஸ்டால் ஆனால் மீட்க இடமில்லை. முறையான சரக்கு விமானத்தில் தரைத் தண்டவாளத்தில் வளையம் மாட்டி, எத்தனை கிலோவுக்கு எத்தனை பட்டை என்று கணக்குப் போட்டுக் கட்டுவோம். அங்கே இருட்டில் ஆளாளுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

பிரியா: போன டூர்ல வேன் மேல அப்பா கட்டின சூட்கேஸ் மாதிரி

சேகர்: அது கயிறு பழசு

மீனா: என் புடவையெல்லாம் ரோட்டில கிடந்தது. கயிறு பழசாம்.

கவிதா: ஸ்டால் வேகமும் ஏறும். எடை 21 சதவீதம் கூடினா ஸ்டால் வேகம் 10 சதவீதம் கூடும். ஸ்பீடு மீட்டர்ல பழைய கோடுதான் வரைஞ்சிருக்கும். அதை நம்பினா போச்சு

அருண்: ரெட்டை எஞ்சின்னு போட்டிருக்கே அக்கா. ஒண்ணு நின்னாலும் ஒண்ணு இருக்கும்ல

கவிதா: டேய். நீ லைசென்ஸ் வாங்கினவன்தானே? ஒரு எஞ்சின் நின்னா சக்தி பாதி போகும், ஏறுற திறன் 80 சதவீதத்துக்கு மேல போகும். சரியான எடையிலயே அப்படி. ஓவர்லோடுல மிச்ச எஞ்சினால ஏறவே முடியாது. வேகம் குறைஞ்சா ஓடுற எஞ்சினே விமானத்தைப் புரட்டிப் போட்டுடும்.

அருண்: தெரியும் தெரியும். சும்மா கேட்டேன்

நடராஜன்: எரிபொருள் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். இதுதான் என் துறை, பொறுத்துக்கொள்ளுங்கள். காட்டில் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கிற பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீர் கனம், அடியில் தங்கும். ஒழுங்கான இடத்தில் டேங்கின் அடி வால்வில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்போம். அடியில் ஒரு முத்து உருண்டால் அது தண்ணீர், அது தீரும்வரை வடிப்போம். அவசரக்காரன் பார்க்க மாட்டான். மூக்கைத் தூக்கியதும் தண்ணீர் குழாய்க்குள் நகரும், எஞ்சின் இருமும். இன்னொன்று, கேபினுக்குள் வைக்கிற கூடுதல் டேங்க். குழாய் மடங்கும், இணைப்பில் காற்று புகும், ஆவி உள்ளே தேங்கும். ஒரு பொறி போதும். இன்னொரு கூத்து, பெட்ரோல் எஞ்சினுக்கு ஜெட் எண்ணெயை ஊற்றிவிடுவது. மிச்சப் பெட்ரோலில் தரையில் நன்றாகவே ஓடும். முழு சக்தி கொடுத்துக் கிளம்பியதும் உள்ளே வெடித்து வெடித்து பிஸ்டன் ஓட்டையாகும்.

ஜெயா: போதும் அத்தான், எனக்குப் படபடன்னு வருது

பிரியா: பெரிய மாமா கரடி கதை சொல்லுங்க

சேகர்: என்ன கரடி

கவிதா: 1985 செப்டம்பர். அமெரிக்காவில ஒரு முன்னாள் போதைத் தடுப்பு போலீஸ்காரர், வக்கீல் வேற. செஸ்னா 404-ல கடத்திட்டு வந்தவர் ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு, உடம்புல சரக்கைக் கட்டிக்கிட்டு குதிச்சார். பாராசூட் சரியா விரியல. நாக்ஸ்வில்ல ஒரு வீட்டு வாசல்ல கிடந்தார். விமானம் தனியா வட கரோலினாவில போய் விழுந்துச்சு. மேலேர்ந்து போட்ட மூட்டை ஒண்ணைத் தின்னுட்டு ஜார்ஜியா காட்டுல ஒரு கருங்கரடி செத்துக் கிடந்துச்சு.

சேகர்: கரடி பாவம்

பிரியா: பைலட் பாவமில்லையா அப்பா

சேகர்: கரடிக்கு என்ன தெரியும்

நடராஜன்: இரவு இறக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் காடு அல்லது கடல், எதிரே நாலு விளக்கு. நிலத்தில் வேறு வெளிச்சம் இல்லாதபோது நாம் உயரமாக இருக்கிறோம் என்று கண் ஏமாற்றும், பைலட் தாழ்த்திக்கொண்டே வந்து முன்னாலேயே தரையில் மோதுவார். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டுகிற உயரமானியும் கைவிடும். அந்த இடத்துக் காற்றழுத்தத்தை ரேடியோவில் கேட்டுத் திருக வேண்டும். யாரிடமும் பேசாதவன் எதைக் கேட்பான்? அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் நிஜ உயரத்தைவிட ஏறக்குறைய 300 அடி கூடக் காட்டும். 300 அடியில் பறக்கிறேன் என்று நினைப்பவன் தண்ணீரில் இருப்பான். விழுந்தால் தேடவும் ஆள் வராது. பறப்புத் திட்டம் கொடுத்தால்தானே வரவில்லையே என்று யாராவது கவலைப்படுவார்கள்.

ஜெயா: அங்க சுட்டுடவும் செய்வாங்களாமே

கவிதா: சில நாட்டுல சட்டமே இருக்கு சித்தி. பிரேசில்ல 2004-லேர்ந்து. பெருவில 2001 ஏப்ரல்ல கடத்தல் விமானம்னு நினைச்சு மிஷனரிங்க போன செஸ்னாவைச் சுட்டாங்க. ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் செத்தாங்க. சரக்கே இல்லாத விமானம்.

ஜெயா: 😔

கவிதா: ஒழுங்கா இறங்கினாலும் விமானத்தை எரிச்சிட்டுப் போவாங்க. குவாத்தமாலாவில லகுனா டெல் டிக்ரே காட்டுல அப்படி எரிஞ்ச கூடு நிறைய. சரக்கு விலைக்கு முன்னாடி விமானம் தூசு. பைலட்டும்தான்.

சேகர்: சரி சரி. நான் டெலீட் பண்ணிடறேன்

கவிதா: டெலீட் பண்ணாதீங்க மாமா. அனுப்பினவர் யார்னு கேளுங்க

சேகர்: நண்பரோட நண்பர்

பிரியா: அவரோட நண்பர்

நடராஜன்: அருண், நிஜமான டெலிவரி வேலை இருக்கிறது, தப்பில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் கேள்: பதிவு எண், பறக்கத் தகுதிச் சான்று, எஞ்சின் லாக்புக், எடைத் தாள், உன் பெயர் போட்ட இன்சூரன்ஸ். விமானத்தை நீயே பகலில் சுற்றிப் பார்க்க வேண்டும். சரக்கு இருந்தால் அதற்கான ரசீது. ஒன்று இல்லையென்றாலும் பேச்சு முடிந்தது.

கவிதா: பதிவு எண் அமெரிக்காவோடதுன்னா இணையத்துலயே ஓனர் பேர் வரும். இன்னொண்ணு, அந்த விமானத்தை ஓட்ட அமெரிக்க லைசென்ஸ் வேணும், இல்லன்னா பறக்கற நாட்டு லைசென்ஸ். உன்கிட்ட ரெண்டும் இல்ல. அதை ஏன் அவங்க கேக்கவே இல்ல?

அருண்: ம்ம்

அருண்: அந்த நம்பருக்கு இப்ப பதிவு எண் கேட்டு மெசேஜ் போட்டேன்

ஜெயா: எதுக்குடா போட்ட!!

கவிதா: டேய் உன் நம்பர்லேர்ந்தா?

அருண்: ப்ளூ டிக் வந்துச்சு. பதில் இல்ல

அருண்: இப்ப டிபியைக் காணோம். பிளாக் பண்ணிட்டாங்க போல

நடராஜன்: நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. சைபர் கிரைமில் கொடுப்பதா என்று சனிக்கிழமை நேரில் பேசுவோம்.

மீனா: சனிக்கிழமை எல்லாரும் வர்றீங்கன்னா அப்ப அம்மாவை அண்ணா கூட்டிட்டுப் போவாரா?

நடராஜன்: வண்டி சர்வீஸில் இருக்கிறது.

சேகர்: நான் வரேன்

மீனா: நீங்க வேண்டாம்

பிரியா: பாட்டி கேக்கறாங்க, கரடிக்கு அப்புறம் என்ன ஆச்சாம்